ஒட்டிய தாளுக்கு அடியில்

1 பிப்ரவரி, ஞாயிறு

நல்ல பனி. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. தைப்பூசம், விடியும் முன்னே மைக் செட் ஆரம்பம். தூக்கம் போச்சு.

இன்றைக்கு:
கேஸ் புக் பண்ண.
பி.எட். பெண்களின் பாடத்திட்ட நோட்டு, இருபத்தாறு. திருத்த.
யாழுக்கு வெள்ளை சாக்ஸ். (பள்ளிக்கூடத்தில் கறுப்புதானே? கேட்டால் "மிஸ் சொன்னாங்கப்பா" என்று ஓடிவிட்டாள்.)
யூதர் அத்தியாயம். ஒரு வரி எழுதவில்லை.

சேலம் பிரஸ்காரர் மாணிக்கம் அண்ணன் உலகக் கல்வி வரலாறு என்று ஒரு தொகுப்பு போடுகிறார். ஆளுக்கொரு அத்தியாயம். எனக்கு விழுந்தது, ஆரம்பகால அமெரிக்காவில் யூதக் குழந்தைகளின் சமயக் கல்வி. "ஏனுங்ண்ணா, எனக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன். "இங்க யாருக்குத்தான் சம்பந்தம்? நீதான் காலேஜ்ல கல்வி வரலாறு நடத்தறே. சனிக்கிழமைக்குள்ள அனுப்பிச்சுரு வெற்றி." போனை வைத்துவிட்டார்.

சாமி இல்லாத வீட்டுக்காரனிடம் சமயக் கல்வி. நல்ல ஆளைப் பிடித்தார் போ.

இந்த வீட்டில் சாமி படம் கிடையாது, விளக்கு கிடையாது. அப்பா வைத்த சட்டம். எழுபத்தேழு வயது, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், இன்றைக்கும் வெளியே கிளம்பினால் கறுப்புச் சட்டைதான். பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயசு வரை எந்தச் சாமியும் சொல்லித்தரக் கூடாது, அப்புறம் அவரவர் இஷ்டம் என்பார். எனக்குப் பதினெட்டு வந்தபோது எதுவும் தோன்றவில்லை. இப்போதும் இல்லை. கவிதா கும்பிடுகிற குடும்பத்துப் பெண். கல்யாணத்தின்போது சட்டத்துக்குச் சம்மதித்துத்தான் வந்தாள். ஆனால் அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் ஒரு திருநீறு பொட்டலம் உண்டு. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

யாழ் குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி என்ன அழுக்கு? குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது.

2 பிப்ரவரி, திங்கள்

பனி குறைவு. ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கல்லூரியில் மூன்று பீரியட்.

அத்தியாயம் ஆரம்பித்தாயிற்று. எதிர்பார்த்த மாதிரி வறட்சியாக இல்லை. அந்தக் காலத்தில் அங்கே யூதர்கள் கொஞ்சம் பேர். நியூயார்க், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் என்று துறைமுக ஊர்களில் சில குடும்பங்கள். முறையாகப் பட்டம் பெற்ற குருமார் ரொம்ப காலம் அந்தத் தேசத்திலேயே இல்லை. பிள்ளைக்கு எபிரேய எழுத்து சொல்லித்தர அப்பா இருந்தால் அப்பா. இல்லையென்றால் தொழுகை நடத்துகிறவர். அவரே கணக்கும் இங்கிலீஷும் நடத்தியிருக்கிறார்.

வர்ஜீனியாவில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரு தாய் தன் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறாள். இங்கே பிழைப்புக்குக் குறைவில்லை, அக்கம்பக்கத்தார் நல்லவர்கள், ஆனால் என் பிள்ளைகள் நம்முடையது எதையும் கற்க வழியில்லை, ஆகவே ஊரைவிட்டுப் போகப் போகிறோம் என்று. இதை இரண்டு தடவை படித்தேன். யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. சுற்றிலும் எல்லோரும் வேறு மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதான் அவள் பயம்.

எங்கள் தெருவில் கறுப்புச் சட்டை வீடு ஒன்றே ஒன்று. அப்பா இந்தக் கடிதத்தைப் படித்தால் என்ன சொல்வார்?

சாயங்காலம் குண்டு. கவிதா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள். சனிக்கிழமை ஆண்டு விழா. இறைவணக்கம் யாழ் பாடுகிறாள். தனியாக. முருகன் மேல் பாட்டு.

"எப்ப முடிவாச்சு?"

"பதினஞ்சு நாளாச்சுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்க மாமாகிட்டச் சொல்லீருவீங்க. இல்லீனா சொல்லாம மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. ரெண்டுல எதுன்னாலும் மாமா கண்டுபிடிச்சுருவாரு."

உண்மை. குழாய் ஏன் ஓடுகிறது என்பதும் புரிந்தது. மரமண்டை நான்.

3 பிப்ரவரி, செவ்வாய்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. இன்னும் மாசியே பிறக்கவில்லை.

கேஸ் வந்துவிட்டது. சாக்ஸ் வாங்கவில்லை. நாளைக்கு.

காலையில் யாழை வண்டியில் பள்ளிக்கூடத்தில் விட்டேன். சங்ககிரி ரோட்டில் போர் போடுகிற ரிக் லாரிகள் வரிசையாக நின்றதால் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்து முதுகோடு பேசினாள். மூஞ்சியைப் பார்த்தால் பேசியிருக்க மாட்டாள்.

"அம்மா சொல்லீட்டாங்களாப்பா?"

"சொன்னா."

"நான் பாடட்டுங்களாப்பா?"

"உனக்கு அதுல நம்பிக்கையா?"

ஒரு லாரியைத் தாண்டினோம். அப்புறம், "தெரியலைங்கப்பா. பாடறப்ப நல்லாருக்குது. மொத பாட்டு என்னோடது. மேடையில மொத நானு."

"தாத்தாகிட்டச் சொன்னியா?"

"பேசமாட்டாங்களே. அத்தைகிட்ட நாலு வருசம் பேசலயாமே."

என் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி. பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பள்ளிபாளையத்து அக்கா தன் மகனுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தினாள். அப்பா போகவில்லை. போகாவிட்டால் பரவாயில்லை, நாலு வருசம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா செத்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "வா சாவித்திரி" என்றார். அக்கா அம்மாவுக்கு அழுதாளா அதற்கு அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

யாழ் என்றால் அவருக்கு உயிர். சாமி இல்லை என்று சொல்கிற மனுசன் அவளை "வா சாமி, சாப்புடு சாமி" என்றுதான் கூப்பிடுகிறார், இந்த ஊர்ச் செல்லப் பேச்சு. அவரோடுதான் அவள் பேப்பர் படிப்பாள், சதுரங்கம் ஆடுவாள். அவர் நாலு நாள் பேசாமல் இருந்தாலே இவள் தாங்க மாட்டாள்.

"அப்பா சொல்லிக்கறேன், நீ இறங்கு" என்றேன். எப்படிச் சொல்லப் போகிறேன் என்று தெரியாது. தைரியசாலி மாதிரி பேச மட்டும் வருகிறது.

அத்தியாயம்: தொழுகை நடத்துகிறவருக்குத் தமிழில் என்ன போடுவது? அப்பாவிடமே கேட்டேன். "ஓதுவார்னு போடு. நம்மாளுகளுக்கு அப்பத்தான் புரியும்" என்றார். அதெப்படி, அது சிவன் கோயில் வார்த்தையாச்சே என்றேன். "வார்த்தை தமிழ்டா. கோயிலு அத எடுத்து வெச்சுக்கிச்சு." சரியான நேரம், அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மோர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

4 பிப்ரவரி, புதன்

மதியம் மேகம். மழை இல்லை. சாக்ஸ் வாங்கியாயிற்று, சைஸ் பெரிசு.

பிலடெல்பியா பகுதி. ஒரு யூதப் பெண்மணி ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆரம்பிக்கிறார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், எழுதக்கூட மாட்டார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் பொதுப்பள்ளிக்கூடம் போய்விடும். மிச்சம் ஞாயிறு. சொல்லித்தந்தவர்கள் பூராவும் பெண்கள், சம்பளம் கிடையாது. வந்த கஷ்டம் என்னவென்றால் புத்தகம் இல்லை. கிறித்தவர்கள் தங்கள் ஞாயிறு பள்ளிக்கு அச்சடித்த வேதாகமக் கேள்வி பதில் புத்தகத்தையே எடுத்துக்கொண்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ஆகாத பதில்கள் இருக்கிற இடத்தில் தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். அங்கே படித்த ஒருத்தி பெரியவளாகி எழுதியிருக்கிறாள், அந்த ஒட்டின தாளுக்கு அடியில் என்ன இருக்கும் என்று யோசித்தே பொழுது போனதாக.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தது.

எனக்கும் ஒட்டினார்கள். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், முதல் பக்கம், கடவுள் வாழ்த்து. அப்பா ஜூன் மாதம் புத்தகம் வாங்கிய அன்றே அட்டை போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை மூடச் சொல்லிவிடுவார். மைதாப் பசை. நான் ஜன்னலில் அந்தப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டிப் பிடித்துப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும், பிரித்துப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்த வருசப் புத்தகத்தில் இருந்த மற்ற செய்யுள் ஒன்றுகூட இன்றைக்கு ஞாபகமில்லை. அது மட்டும் எட்டு வரியும் இருக்கிறது, இப்போது எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

காலாண்டுப் பரீட்சையில் மனப்பாடப் பகுதிக்கு அதுதான் வந்தது. "எங்கூட்டுல படிக்கக் கூடாதுங்க ஐயா" என்று சொல்லவேண்டிய பையன் எட்டு வரியும் எழுதி முழு மார்க் வாங்கினான். விடைத்தாளில் அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பா எங்கே என்று தமிழ் ஐயா கேட்டார். லைன்ல போயிருக்கறாருங்க என்றேன். முப்பத்து மூணு வருசமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கவிதாவிடம்கூட.

5 பிப்ரவரி, வியாழன்

காலையில் கரண்ட் இல்லை. அப்பா வெளியே போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்து "ஜம்பர் கம்பி போயிருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். ஓய்வு பெற்றும் வேலை விடவில்லை.

நான் எழுதுகிறது எதுவானாலும் முதலில் அப்பா படிப்பார். சிவப்புப் பேனா. இது இருபது வருசப் பழக்கம். அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுத்தேன். பிலடெல்பியாப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தும் வைத்தேன். பிறகு சே, என்ன பிழைப்பு இது என்று திரும்பச் சொருகிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தால் தாள்கள் மேஜை மேல். வழக்கம்போல ஒற்றுப்பிழை, கமா, "இந்த வாக்கியம் மூச்சு வாங்குகிறது." வர்ஜீனியாக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும். பிலடெல்பியாப் பக்கத்தில் ஒரு சிவப்பும் இல்லை.

தயிர்சாதம் சாப்பிடும்போது கேட்டார். யாழ் டியூஷனில் இருந்தாள்.

"நீயும் படிச்சியா?"

எதை என்று நான் கேட்கவில்லை. "படிச்சனுங்க."

"எப்படி?"

"ஜன்னல்ல வெயிலுக்குக் காட்டி."

"சொல்லு பாப்போம்."

நாற்பத்து நாலு வயசில், கையில் தயிர்சாதத்தோடு, அப்பா முன்னால் கடவுள் வாழ்த்து ஒப்பித்தேன். எட்டு வரி. ஓரிடத்திலும் தடுக்கவில்லை. கவிதா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அப்பா ஊறுகாயைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினார். "நான் காக்கி அட்டைத்தாளு வாங்கிக் குடுத்தனேடா. அதுல எப்படி வெயிலு பூந்துச்சு?"

"காக்கித்தாளு இல்லீங்க. வெள்ளைப் பட்டத்தாளு. அம்மாதான் ஒட்டுனாங்க."

"பட்டத்தாளா?"

"ஆமாங்க."

"பரீட்சைல வந்துச்சா?"

"வந்துச்சுங்க. அம்மா கையெழுத்துப் போட்டாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கி, இருமல் வந்து, கவிதா தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். "பாத்தியா அம்மிணி! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கறாங்க ஆத்தாளும் மகனும். நான் ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த கண்ணீர்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அம்மா போய் ஏழு வருசம்.

"ஏன்டா இத்தனை நாளு சொல்லலே?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"அந்தப் பாட்டுல சொல்றத நம்பறயா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன பயம் உனக்கு?"

இதற்கு மேல் நல்ல நேரம் வராது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "அப்பா, சனிக்கிழமை யாழ் பள்ளிக்கூடத்துல..."

"தெரியும்."

கவிதா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"பாத்ரூம்ல குழாயத் தொறந்து உட்டுட்டுப் பாடுனா எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா? பதினஞ்சு நாளா தொட்டித் தண்ணி வீணாப் போகுது. எம்பட பேத்தி எங்கிட்டயே ஒளிஞ்சுக்கிட்டுப் பாடோனுமா?" குரல் கடைசியில் ஏறிவிட்டது. கோபம் பாட்டு மேல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். சாதம் பாதி அப்படியே இருந்தது.

சொன்னதா, சொல்லாததா எது தப்பு? தெரியவில்லை. யாழ் வந்ததும் "தாத்தா ஏம்ப்பா சீக்கிரம் படுத்துட்டாங்க?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். இன்னொரு தாள் ஒட்டியாயிற்று.

6 பிப்ரவரி, வெள்ளி

பனி, வெயில் இரண்டும். மூக்கு ஒழுகுகிறது.

கல்லூரிக்கு அரை நாள் லீவு. உண்மைக் காரணம் எழுதவில்லை.

காலையில் அப்பா பேப்பர் படிக்கவில்லை. யாழ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகும்போது "போய்ட்டு வாரேனுங்க தாத்தா" என்றாள். "ம்" என்றார். அந்த "ம்"முக்கே இவள் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "நான் பாடலைன்னு மிஸ்கிட்டச் சொல்லீரட்டுங்களாப்பா?" என்றாள். சாயங்காலம் வரை பொறு என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி என்ன ஆனார்கள்? சிலர் பெற்றோர் வழியிலேயே இருந்தார்கள், சிலர் அக்கம்பக்கத்தில் கரைந்து போனார்கள். மூல நூலில் அதற்கு மேல் இல்லை. நானும் அதற்கு மேல் எழுதவில்லை.

சாயங்காலம் யாழ் வந்து பையை வைத்தாள். அப்பா ஹாலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாடு."

"என்னங்க தாத்தா?"

"நாளைக்குப் பாடறதப் பாடு. இங்க. குழாயெல்லாம் வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பாடினாள். முதல் இரண்டு வரி குரலே வரவில்லை, அப்புறம் வந்துவிட்டது. என் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று குழாய் எனக்குச் சொல்லவே இல்லை.

அப்பா கண்ணை இமைக்காமல் கேட்டார். முடிந்ததும், "மூணாவது வரில ழகரம் நாக்கு மடங்கல. மறுபடி" என்றார். மறுபடி. "மூச்ச நடுச்சொல்லுல உடாத. சொல்லு முடிஞ்சப்பறம் உடு." மறுபடி. கவிதா சமையலறையில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒன்பது தடவையாம். ஒன்பது தடவை முருகன் பாட்டு, இந்த ஹாலில். அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இப்பச் சரி" என்றார் கடைசியில். "நாளைக்கு நானும் வாரேன். ஆனா ஒண்ணு சாமி, இறைவணக்கத்துக்கு எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாங்க. நான் நிக்க மாட்டேன். எழுபத்தேழு வயசு வரைக்கும் நின்னதில்ல, உனக்காகவும் நிக்க மாட்டேன். வருத்தப்படுவியா?"

"இல்லீங்க தாத்தா. நீங்க உக்காந்தே கேளுங்க."

"இனிமே ஒளிச்சுப் பாடக் கூடாது."

"சரிங்க தாத்தா."

பிறகு இரண்டு பேரும் சதுரங்கம் ஆடினார்கள். அப்பா தோற்றார்.

8 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. பனி இல்லை. அத்தியாயம் நேற்றுக் காலையே அனுப்பியாயிற்று. மாணிக்கம் அண்ணன் "பிரமாதம், ஓதுவார் மட்டும் ஓகேவா?" என்று மெசேஜ். ஓகே என்றேன்.

ஆண்டு விழா. பள்ளிக்கூட மைதானம், சாமியானா. வயசானவர்களுக்கு என்று முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில் அங்கே. நானும் கவிதாவும் பின்னால் மூன்றாவது வரிசை. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அப்பாதான் முதலில் எழுந்தார், விறைப்பாக. அடுத்து, "இறைவணக்கம், அனைவரும் எழுந்து நிற்கவும்" என்றார்கள். நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு அம்மா பதறிவிட்டார். "ஏனுங்க, பெரியவருக்கு என்னமோ ஆகுதுங்க. தண்ணி கிண்ணி வேணுங்களா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க நில்லுங்க, பிள்ள பாடப் போகுது."

கவிதா என் கையைக் கிள்ளினாள். வெள்ளை சாக்ஸ் காலில் சுருங்கிக் கிடக்க யாழ் மைக்குக்கு வந்தாள். பாடினாள். மூணாவது வரியில் நாக்கு மடங்கியது. மூச்சு, சொல் முடிந்த பிறகுதான் விட்டாள்.

வீட்டுக்கு வரும்போது அப்பாவை ஆட்டோவில் கவிதாவோடு ஏற்றிவிட்டு, யாழை நான் வண்டியில் கூட்டிவந்தேன். பின்னால் உட்கார்ந்து முதுகோடு பேசினாள்.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"மொதல்ல இருந்துச்சுங்கப்பா. அப்பறம் இல்ல. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டாங்க. தாத்தா மட்டுந்தான் என்னையப் பாத்துட்டே இருந்தாங்க."

வண்டியை ஓட்டினேன். நானும் கண்ணை மூடித்தான் இருந்தேன்.